நோக்கியாக்காரர் அழுத கதை

நோக்கியா நிறுவனத்தின் தலைவர் மேடையில் கண்கலங்கிய கதை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு காலை வணக்கத்தோடு சேர்ந்து வந்திருக்கும். “நாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை, ஆனாலும் எப்படியோ தோற்றுப்போனோம்” என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அழுதாராம். உடனிருந்த அதிகாரிகளும் அழுதார்களாம். கீழே தடித்த எழுத்தில் நீதி: மாற்றத்தைப் பார்க்கத் தெரியாதவன் அழிவான்.

வாட்ஸ்அப்போடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். பொறியியல் கல்லூரி ஆண்டு விழா, தொழில்முனைவோர் மாநாடு, வார இதழின் தன்னம்பிக்கைத் தொடர், ஐ.டி. நிறுவனத்தின் டவுன்ஹால் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே பட்டியல்தான் ஓடுகிறது. ஐபோனைப் பார்த்துச் சிரித்த அன்றைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்துவிட்டுப் பெட்டிக்குள் பூட்டிய கோடக். உலகத்துக்கு ஐந்து கணினி போதும் என்ற ஐ.பி.எம். வாட்சன். வீட்டில் எவருக்குக் கணினி வேண்டும் என்ற கணினி தயாரிப்பாளர் கென் ஓல்சன். இவர்களுக்குக் கண் தெரியவில்லை, அதனால் விழுந்தார்கள்; ஆகவே இன்றைய தலைவர்கள் மாற்றம் வருகிறது என்று சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து.

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அந்தத் தலைவர்களில் பலருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. அவர்கள் சொன்னது ஆரூடம் அல்ல, வியாபாரம். இன்று மேடையேறிப் பேசுகிறவர்களும் வியாபாரம்தான் பேசுகிறார்கள். அதை ஆரூடம் என்று நம்பி முடிவெடுப்பவருக்குத்தான் நட்டம்.

வாட்சனில் தொடங்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். 1943இல் தாமஸ் வாட்சன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அதற்கு மிக அருகில் வருவது பத்து ஆண்டு கழித்து அவருடைய மகன் வாட்சன் ஜூனியர் பங்குதாரர் கூட்டத்தில் சொன்ன ஒரு தகவல். ஐ.பி.எம். 701 இயந்திரத்தை விற்க ஊர் ஊராகப் போனோம், ஐந்து ஆர்டர் வரும் என்று நினைத்தோம், பதினெட்டு ஆர்டரோடு திரும்பினோம் என்றார். விற்பனை எதிர்பார்த்ததைவிட மும்மடங்குக்கும் மேல் என்று மகிழ்ந்து சொன்ன செய்தி, அப்பாவின் பெயரில் உலக மகா முட்டாள்தனமாகப் பதிவாகிவிட்டது. ஓல்சனின் கதையும் அதே ரகம்தான். 1977இல் அவர் பேசியது, வீட்டு விளக்கு முதல் சமையல்வரை எல்லாவற்றையும் ஒரு பெரிய கணினி ஆட்டிவைக்கும் என்ற அன்றைய கற்பனையைப் பற்றி. அவர் வீட்டிலேயே கணினி இருந்தது.

பால்மர் அப்படியல்ல. அவர் சிரித்தது உண்மை, காணொளி இருக்கிறது. 2007 ஜனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டதும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்கிறார்கள். சிரிக்கிறார். ஒப்பந்தத்தோடு சேர்த்தும் ஐந்நூறு டாலரா, உலகத்திலேயே விலை கூடிய போன் ஆயிற்றே, விசைப்பலகை இல்லை, அலுவலகக்காரர்களுக்குப் பிடிக்காது என்கிறார். பகிரப்படும் துண்டு பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். அவர் மேலும் பேசினார்: நாங்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் போன்களை விற்கிறோம், ஆப்பிள் இன்றைய தேதியில் ஒன்றுகூட விற்கவில்லை என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஐபோன் கடைக்கு வரவே இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

விசைப்பலகை விஷயத்தில் பால்மர் தப்புக்கணக்குப் போட்டார். விலை விஷயத்தில் அவர் சொன்னதை ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஜூன் கடைசியில் 599 டாலருக்கு வந்த போனை செப்டம்பர் தொடக்கத்தில் 399க்கு இறக்கினார்கள்; முதல் வாரங்களில் வாங்கியவர்கள் கொதித்தெழ, ஸ்டீவ் ஜாப்ஸ் சமாதானம் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஐபோன் 3ஜி வந்தபோது, தொலைபேசி நிறுவனம் மானியம் கொடுக்க, விலை 199 டாலர். விலையை மாதாந்திரக் கட்டணத்துக்குள் மறைக்கும் அந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று 2016இல் பால்மர் வருத்தப்பட்டுச் சொன்னார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் கைத்தட்டல் வராது. இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் மொபைலைக் கைபேசிக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தவர் அன்றைய பேட்டியில் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? எதிர்க்கடை இட்லி பிரமாதம் என்று எந்த ஓட்டல்காரர் தன் கல்லாவில் உட்கார்ந்து சொல்வார்?

இனி நோக்கியா. கதையில் அழுகிறவர் ஸ்டீபன் எலோப் என்று வைத்துக்கொள்வோம். 2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்கும் அறிவிப்பு வந்தவரை அவர்தான் தலைவர். அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் ஒன்றையும் நான் கண்டதில்லை. அவர் உண்மையில் எழுதியது ஒன்று இருக்கிறது, அது நேர் எதிரானது. 2011 பிப்ரவரியில் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை தீப்பற்றி எரிகிறது. மேலே நின்றால் கருகிச் சாவு, குதித்தால் உறையவைக்கும் தண்ணீர். நாம் நிற்பது அப்படிப்பட்ட மேடையில்தான், நம் மேடைக்கு நாமே பெட்ரோல் ஊற்றியிருக்கிறோம் என்று எழுதினார். தவறே செய்யவில்லை என்று சொன்னதாகச் சொல்லப்படுபவர், தவறுகளை வரிசைப்படுத்தி இரண்டு ஆண்டுக்கு முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆகவே மாற்றத்தைப் பார்க்க மறுத்ததால் நோக்கியாவின் கைபேசி வியாபாரம் அழிந்தது என்ற நீதி எங்கே ஒட்டும்? எலோப் மாற்றத்தைப் பார்த்தார், உரக்க அறிவித்தார், குதித்தார். குதித்த இடம் விண்டோஸ் போன். கடிதம் வெளியே கசிந்த சில நாளில், நோக்கியாவின் ஸ்மார்ட்போன்கள் ஓடிக்கொண்டிருந்த சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸுக்கு மாறுகிறோம் என்று அறிவிப்பு. முதல் விண்டோஸ் லூமியா அறிவிக்கப்பட்டதோ அக்டோபரில். நடுவில் எட்டு மாதம், தலைவரே செத்துப்போனதாக அறிவித்துவிட்ட சரக்கைக் கடைக்காரர்கள் விற்க வேண்டும். யார் வாங்குவார்? விற்பனை சரிந்தது. அளவுக்கு மீறிய பேச்சும் அந்த வியாபாரத்தைக் கொன்றது என்பதுதான் இந்த வரலாற்றை நேராகப் படித்தால் கிடைப்பது.

கண்ணும் குருடல்ல. 2004இலேயே தொடுதிரை வைத்த 7710 மாடலை நோக்கியா அறிவித்தது. நோக்கியாவில் வேலை பார்த்த மேலாளர்களையும் பொறியாளர்களையும் பேட்டி கண்டு டிமோ வுவோரி, குய் ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் பயம். சிம்பியன் ஐபோனுக்கு ஈடுகொடுக்காது என்பது நடுமட்ட மேலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலே சொன்னால் கத்துவார்கள், பதவி போகும். ஆகவே முடியும் சார், முடித்துவிடலாம் சார் என்று தலையாட்டினார்கள். மேலே இருந்தவர்களுக்குப் பங்குச்சந்தையிடம் பயம். டவுன்ஹால் கூட்டத்தில் “எனி கொஸ்டின்ஸ்?” என்று கேட்டபின் அரங்கில் விழும் அமைதியைக் கண்டவர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பகுதி உண்டு. நம் பேச்சாளர்கள் அதை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறார்கள். 2006இல் அங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்த பெண்களை ஷிப்ட் பஸ்கள் ஏற்றிக்கொண்டு வந்தன. உச்சத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். அங்கே தயாரானவற்றில் பெரும்பகுதி, மக்கள் விரும்பி வாங்கிய சாதாரண போன்கள். பிறகு விற்பனை ஒப்பந்தம் வந்தது. வரி வழக்கு காரணமாக இந்த ஆலை ஒப்பந்தத்தில் சேரவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் போன் செய்து கொடுத்தார்கள்; அந்த ஆர்டரும் நிறுத்தப்பட, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பாதிப்பேருக்கு மேல் முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

அவர்கள் எந்த மாற்றத்தைப் பார்க்கத் தவறினார்கள்? எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தால் வருமான வரித் துறையும் ஃபின்லாந்துத் தலைமையும் போட்டுக்கொண்ட வழக்கு தீர்ந்திருக்கும்? எலோபின் கதை வேறு. மைக்ரோசாஃப்டிலிருந்து நோக்கியாவுக்கு வந்தவர் மைக்ரோசாஃப்டுக்கே திரும்பினார். கிளம்பும்போது அவருக்கு வரவிருப்பதாக அறிவிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 1.88 கோடி யூரோ. அதில் பெரும்பங்கை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டது. 2014 ஜூலையில் அவர் எழுதிய இன்னொரு கடிதம் “ஹலோ தேர்” என்று தொடங்கும். உற்பத்தித்திறன், அனுபவம், எந்த மாடலுக்கு எந்த ஊரில் குழு என்று பத்தி பத்தியாகப் போய், படிப்பவர் அசந்துபோகும் இடத்தில், அடுத்த ஓராண்டில் 12,500 பேர் குறைவார்கள் என்ற வாக்கியம் வரும். மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட், நோக்கியாவிடம் வாங்கிய கைபேசி வியாபாரத்துக்காக 760 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதியது.

ஆமாம், நோக்கியா சாகவும் இல்லை. தொலைத்தொடர்புக் கருவி வியாபாரத்தில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. மூடிய ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரகடத்தில் அதன் இன்னொரு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. மூடிய கட்டடத்தை சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்கள் ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுப்பவர்கள்.

கோடக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1975இல் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் அங்கே முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார் என்பது சரி. நிறுவனம் அதைப் பூட்டிவைத்துவிட்டுத் தூங்கியது என்பது சரியல்ல. டிஜிட்டலில் கோடிக்கணக்கில் கொட்டினார்கள். 2005இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமரா கோடக்தான். தொல்லை வேறிடத்தில். ஃபிலிம் சுருளில் கிடைத்த லாபம் டிஜிட்டல் பெட்டியில் கிடைக்காது. ஒருமுறை கேமரா வாங்கியவர் மாதாமாதம் எதை வாங்குவார்? பின்னால் கைபேசி வந்து கேமரா என்ற தனிப்பொருளையே விழுங்கியது. வியாபாரமே சுருங்கும் என்று தெரிந்தும், சுருங்குவதற்குப் பங்குதாரர் சம்மதிக்காததுதான் பல நிறுவனங்களின் கதை. பிளாக்பஸ்டர் வீடியோ கடை நெட்ஃபிளிக்ஸை எதிர்க்க இணைய வாடகைச் சேவையில் இறங்கியதும், பெரும் பங்குதாரரோடு மோதல் முற்றித் தலைவர் ஜான் அன்டியோகோ 2007இல் வெளியேறியதும், அடுத்து வந்தவர் அந்தச் சேவைக்கான செலவை வெட்டியதும் எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்திலும் வராது.

பழையவர்களை விடுங்கள். இன்று பேசுகிறவர்களைப் பாருங்கள்.

2024 பிப்ரவரியில் கிளார்னா என்ற ஸ்வீடன் நிதி நிறுவனத்தின் தலைவர், எங்கள் ஏ.ஐ. உதவியாளர் 700 முகவர்களின் வேலையைச் செய்கிறது என்றார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. 2025 மே மாதம் அவரே, செலவையே பார்த்ததில் தரம் குறைந்துவிட்டது, வாடிக்கையாளர் பேச விரும்பினால் மனிதர் இருக்க வேண்டும், ஆள் எடுக்கப்போகிறோம் என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தையில் நுழைய ஆயத்தமாகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அமேசான் தலைவர் ஆண்டி ஜாஸி 2025 ஜூனில் ஊழியர்களுக்கு எழுதினார்: ஏ.ஐ. வருவதால் வரும் ஆண்டுகளில் அலுவலகப் பணியாளர் எண்ணிக்கை குறையும். அக்டோபரில் 14,000 பேரைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் சரி, சொன்னபடியே ஏ.ஐ. வந்துவிட்டது என்று எழுதினார்கள். இரண்டு நாளில் முதலீட்டாளர்களோடு பேசிய ஜாஸி, இது பணத்துக்காக அல்ல, இப்போதைக்கு ஏ.ஐ.யாலும் அல்ல, கலாச்சாரம் என்றார். ஊழியரிடம் ஏ.ஐ., முதலீட்டாளரிடம் கலாச்சாரம். வேலை போனவர் வீட்டில் எதைச் சொல்லவேண்டும் என்று யாராவது முடிவுசெய்து கொடுத்தால் நல்லது.

நம் பக்கத்தில் டி.சி.எஸ். அதே ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னபோது, அதன் தலைவர் கிருத்திவாசன் இது ஏ.ஐ.யால் அல்ல, திறனும் தேவையும் பொருந்தாமல் வேலையில் அமர்த்த முடியாததால் என்றார். அதன் சிறுசேரி வளாகத்தில் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஏன் இவர் ஏ.ஐ.யை விலக்கிப் பேசுகிறார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றும் காரணம் எளிது. ஆள்கணக்கை வைத்து பில் போட்டுப் பழகிய தொழில் இது. இயந்திரம் வந்து இத்தனை ஆட்களை மிச்சப்படுத்திவிட்டது என்று தலைவரே சொன்னால், அடுத்த வாரமே வாடிக்கையாளர் விலையைக் குறை என்று உட்கார்ந்துவிடுவார். என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் 2024இல் துபாயில், இனி யாரும் நிரல் எழுதக் கற்க வேண்டியிருக்காத நிலையை உண்டாக்குவதே எங்கள் வேலை என்கிற பொருளில் பேசினார். அந்த நிலைக்குத் தேவையான சிப்பை விற்பவர் அவர். கலந்தாய்வு நேரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் பெற்றோர் காதில் விழுவது முதல் பாதி மட்டும்தான்.

இலான் மஸ்க் 2019இல், அடுத்த ஆண்டு பத்து லட்சம் தானியங்கி டாக்சிகள் சாலையில் ஓடும் என்றார். அந்த அடுத்த ஆண்டு வந்து போய் எத்தனையோ ஆண்டாகிறது. 2022 நவம்பரில் மார்க் சக்கர்பெர்க் 11,000 பேரை அனுப்பியபோது, கொரோனாக் காலத்து வளர்ச்சி நிலைக்கும் என்று கணித்தது தப்பு, பொறுப்பு என்னுடையது என்றார். இரண்டு மாதத்தில் சுந்தர் பிச்சை 12,000 பேரை அனுப்பி அதே பொறுப்பை ஏற்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டையும் தாமே ஏற்றுக்கொண்டார்கள். வேலை மட்டும் பிறருக்குப் போயிற்று.

மாற்றமே பொய் என்கிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இயந்திரம் நிரல் எழுதுகிறது என்பது ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். போன ஆண்டு நான்கு பேர் செய்த டெஸ்டிங்கை இந்த ஆண்டு இரண்டு பேர் செய்வதை நேரில் பார்க்கிறார்கள். எங்கே அது உதவுகிறது, எங்கே வெட்கமில்லாமல் பொய் சொல்கிறது, எந்த வேலை போகும், எந்த வேலை சும்மா பெயர் மாறும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குத் துபாய் மேடையில் தெரியாது. நோக்கியாவிலும் விவரம் இருந்தது நடுமட்டத்தில்தான். அங்கே போய்க் கேட்காமல், மேடையில் கேட்டதை வைத்து மகளின் படிப்பையும் வீட்டுக்கடனையும் தீர்மானிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதற்கு அந்த நிறுவனங்களே நல்ல வழி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1995இல் ஒரு பங்குச்சந்தைச் சட்டம் வந்தது. எதிர்காலத்தைப் பற்றி நிறுவனம் சொல்வது பலிக்காமல் போனாலும், தக்க எச்சரிக்கை கொடுத்திருந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. அன்றிலிருந்து காலாண்டு முடிவைப் பற்றி முதலீட்டாளரோடு பேசும் கூட்டங்களில், தலைவர் வாயைத் திறக்கும் முன்பே ஓர் அதிகாரி ஒரு பத்தியை வாசிப்பது வழக்கம்: இங்கே எதிர்காலம் பற்றிச் சொல்லப்படுபவை எங்கள் எதிர்பார்ப்புகளே, உண்மை நிலவரம் பெரிதும் மாறுபடலாம். நியூயார்க்கில் பட்டியலிடப்பட்ட நம் இன்ஃபோசிஸின் அறிக்கைகளிலும் அந்தப் பத்தி உண்டு. பணம் போட்டவருக்கு இந்த எச்சரிக்கை சட்டப்படி கிடைக்கிறது. வாழ்க்கையைப் போடுபவருக்கு, அதாவது மாணவருக்கும் ஊழியருக்கும், அதே தலைவரின் அதே பேச்சு எச்சரிக்கை இல்லாமல் போய்ச் சேருகிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தொழில்நுட்பத் தலைவரை மேடையேற்றும்போதோ அவர் பேச்சை முதல் பக்கத்தில் போடும்போதோ, அவருடைய நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும் அந்தப் பத்தியைத் தமிழில் முதலில் வாசித்துவிடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.